ஆயிரத்துக்குக் கீழே

– அப்படிப் பாக்காதீங்க அண்ணே. இன்னிக்கு எனக்கு உண்மையான காரணம் வேணும். எதுக்காக மாத்துறீங்க?

– ஊருக்குப் போறேன் தங்கச்சி. அதுக்குத்தான் ரூபாய். வாராவாரம் சொல்றதுதானே. நீ பாட்டுக்கு மெஷின்ல அடிச்சிட்டு நோட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தள்ளு.

– இருபத்தெட்டு வியாழக்கிழமை ரியாலைக் குடுத்து 'ஊருக்குப் போறேன், ரூபாய் குடு'ன்னு சொல்லியிருக்கீங்க. இருபத்தெட்டு சனிக்கிழமை அதே ரூபாயைக் கொண்டுவந்து 'போகல, ரியாலாக் குடு'ன்னு நின்னிருக்கீங்க. ஒண்ணு விடாம இங்க வரிசையா இருக்கு.

– கிளம்பினேன், முடியல. லீவு கிடைக்கல. டிக்கெட் விலை ஏறிப்போச்சு. கேளு, லிஃப்ட்டுகூடத்தான் பத்தாவது மாடிக்குன்னு கிளம்பிட்டு மூணுல நின்னுடுது. அதைப் பிடிச்சு யாராவது விசாரிக்கிறாங்களா?

– லிஃப்ட்டை விசாரிக்கத்தானே உங்களை மெக்கானிக்கா வேலைக்கு வெச்சிருக்காங்க.

– அதுவும் சரிதான். அவ்ளோதான் கதை. நீ ஜெயிச்சிட்டே, ரூபாயைக் குடு.

– சிரிக்காதீங்க அண்ணே. காலையில தலைமை ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்திருக்கு. ஒரே ஆளு, ஒரே காசு, இப்படி மாத்துறாரு, அப்படி மாத்துறாரு. வாங்குற விலை வேற, விக்கிற விலை வேறன்னு தெரிஞ்சும், ஏழு மாசமா நஷ்டத்துக்கே மாத்துறாரு. லாபம் இல்லாம ஒருத்தரு இதைச் செய்வாரா, பின்னாடி யாரோ இருக்காங்க, கறுப்பை வெள்ளையாக்குறாங்கன்னு சந்தேகப்படுறாங்க. நாலு மணிக்குள்ள நான் விளக்கம் அனுப்பியாகணும்.

– எழுபத்திமூணு ரியாலை எவன்மா வெளுப்பான்? பாரு, முதல்ல இருநூறா இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மூணு, நாலுன்னு போயி எழுபத்திமூணுல வந்து நிக்குது. குளிக்கிற சோப்பு மாதிரி தேஞ்சிருக்கே தவிர, வெளுத்த மாதிரியா இருக்கு?

– அதைத்தான் அவங்களும் கேக்குறாங்க. தெரிஞ்சே ஒருத்தர் எதுக்குக் காசைத் தேய விடணும்?

– மறதின்னு எழுது. வயசாயிடுச்சுன்னு எழுது. அம்பத்திமூணு முடிஞ்சுதுன்னா மூளை கொஞ்சம் இப்படித்தான்னு எழுதேன்.

– நீங்க இந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பாத்துக்கறீங்க. மறதின்னு எழுதினா நாளைக்கு அந்த லிஃப்ட்ல யாரு ஏறுவாங்க?

– ம். அது வேற இருக்கு.

– உள்ளதைச் சொல்லணும்னா அண்ணே, விஷயம் விளையாட்டு இல்ல. காரணம் சரியில்லன்னா உங்க பேரை எல்லாக் கிளையிலயும் முடக்கிடுவாங்க. உங்க சம்பளத்துல மகளுக்குப் போகுதே, அதுவும் எங்க கம்பெனி வழியாத்தானே போகுது? அதுவும் நின்னுடும். உங்க கம்பெனிக்கும் ஒரு கடிதம் போகும்.

– கம்பெனிக்கா?

– ஆமாம்.

– தங்கச்சி, அடுத்த மாசம் எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கணும். முடி நரைச்சவனை வெச்சிக்கலாமா வேண்டாமான்னு அவங்க ஏற்கனவே ஒரு கண்ணாலதான் பாத்துக்கிட்டிருக்காங்க. இதுல ஒரு கடிதமும் போச்சுன்னா அவங்களுக்கு வசதியாப் போயிடும்.

– அதனாலதான் சொல்றேன். எனக்கும் காலையில இருந்து பச்சைத் தண்ணி உள்ள இறங்கல.

– எனக்கு மட்டும் என்ன. ரூம்ல அஞ்சு பேரு, அஞ்சு பாஷை. அவனவன் சமைச்சதை அவனவன் மூடி வெச்சிட்டு, சுவரைப் பாத்து உக்காந்து சாப்பிடுறான். அதைப் பாத்தாலே பசி செத்துப்போகுது. சரி, இப்ப என்ன எழுதணும்? என்னென்ன காரணம் இருக்கு அந்தப் பெட்டியில?

– குடும்பச் செலவு, மருத்துவம், படிப்பு, பயணம், மற்றவை. இந்த அஞ்சுதான்.

– படிப்புன்னு போடு.

– யாரு படிக்கிறா?

– நான்தான். ரூபாய் நோட்டுல இருக்கிறதைப் படிக்கிறேன். படிச்சு முடிச்சதும் திருப்பிக் குடுத்துடறேன்.

– அண்ணே.

– சரி சரி. குடும்பச் செலவு?

– அதுக்குத்தான் மாசம் பொறந்தா தனியா அனுப்புறீங்களே. அது போதாதுன்னு எழுபத்திமூணு ரியாலைச் சட்டைப் பையில வெச்சிட்டு ரெண்டு நாள் சுத்துறது என்ன குடும்பச் செலவுன்னு கேப்பாங்க. கொஞ்சம் அப்படி நகந்துக்குங்க, உங்க பின்னாடி நீலச் சட்டைக்காரர் நிக்கிறார். அவரை அனுப்பிடறேன்.

– நகந்துட்டேன். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். மூஞ்சியவே பாக்காம தலைக்கு மேல இருக்கிற ரேட் போர்டைப் பாக்குறார் மனுஷன்.

– எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க. முடிஞ்சுது அண்ணே, அவர் போயிட்டார். வாங்க.

– இதென்ன கூத்து? அவர் நோட்டைத் தள்ளினார், நீ நோட்டைத் தள்ளினே, போயிட்டார். மைக்கைக்கூட நீ அமுத்தல. பேரு என்ன, ஊரு எது, எதுக்குக் காசுன்னு ஒண்ணுமே கேக்கலையே?

– அவரு பழைய ஆளு. விவரமெல்லாம் ஏற்கனவே பதிவாயிருக்கு.

– எனக்கும்தான் அம்பத்தாறு தடவை பதிவாயிருக்கு.

– குறுக்க குறுக்கப் பேசாதீங்க, நேரம் ஆகுது. மூணு அடிக்கப் போகுது. நீங்க சொல்லாட்டா நான் எதை எழுதுறது? பொய்யா எதையாவது எழுதினா ஒரு போன்ல கண்டுபிடிச்சிடுவாங்க. எங்கண்ணனும் உங்களை மாதிரிதான், அவர் வாயில பொய் நிக்கவே நிக்காது. காது சிவந்துடும்.

– பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இன்னும் ஸ்பேனர் பிடிச்சிட்டு இருக்கேன், மேனேஜர் ஆகியிருப்பேனே. கேளு தங்கச்சி. நான் ஒண்ணு சொல்லுவேன், நீ சிரிக்கக் கூடாது.

– சிரிக்க மாட்டேன்.

– கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிச்சாலும் எனக்குத் தெரியும். ஏழு மாசத்துல அது ஒண்ணு கத்துக்கிட்டேன்.

– சொல்லுங்க அண்ணே.

– முதல் தடவை நிஜமாத்தான் மாத்தினேன். மூணு வருஷம் கழிச்சுக் கிடைச்ச லீவு. வியாழக்கிழமை உன்கிட்ட இருநூறு ரியால் குடுத்து ரூபாய் வாங்கினேன். இறங்கின உடனே டாக்ஸிக்கு, வழியில சாப்பாட்டுக்குன்னு. ஞாபகம் இருக்கா?

– இருக்கு. பேத்திக்கு விளையாட்டுச் சாமான் வாங்க சின்ன நோட்டா வேணும்னு கேட்டீங்க.

– அதேதான். அன்னிக்கு சாயங்காலம் மக போன் பண்ணினா. அப்பா, இப்ப வராதீங்க, மாமனார் மாமியார் வந்து தங்கியிருக்காங்க, இருக்கிறதே ரெண்டு ரூம், உங்களை எங்க படுக்க வைக்கிறது, அடுத்த வருஷம் வாங்கன்னா. அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். அவ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது. இடம் இல்லன்னா இல்லதானே.

– உங்க காசுல கட்டின வீடுதானே அண்ணே அது?

– காசு போய்ச் சேந்துடுச்சு. ஆளு போய்ச் சேர இடமில்ல. அவ்ளோதான் கதை. கம்பெனில போயி லீவு வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். ஏன்னு ஒருத்தன் கேக்கணுமே. நல்லதாப் போச்சுன்னு மறுநாளே கருவியைக் கையில குடுத்துட்டான். ரூம்ல பெட்டியைக் கட்டினவன் பெட்டியைப் பிரிக்கிறேன், மத்த நாலு பேரும் பாக்குறான். ஒருத்தன் கேக்கல. கேட்டாலும் எந்தப் பாஷையில கேப்பான் பாவம்.

– ம்.

– சனிக்கிழமை அந்த ரூபாயைத் திருப்பி மாத்தலாம்னு இங்க வந்தேன். நீ வாங்கி எண்ணினே. எண்ணிக்கிட்டே இருந்தவ நிறுத்திட்டு, மைக்கை அமுத்தி, 'ஏன் அண்ணே, ஊருக்குப் போகலையா?'ன்னு கேட்டே.

– கேட்டேன்.

– சட்டத்துக்காகத்தான் கேட்டே, எனக்குத் தெரியும். பணம் மாத்துறவனை ஏன் எதுக்குன்னு விசாரிக்கணும், பேரு ஊரு எழுதணும், அது உன் வேலை. ஆனா கேட்டது நீ ஒருத்திதான். நான் என்னமோ சொல்லிச் சமாளிச்சிட்டு வந்துட்டேன். வந்து நாலஞ்சு நாள் பூரா லிஃப்ட்டு குழிக்குள்ள உக்காந்து அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்படிச் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருக்கலாம்னு. சரி, இன்னொரு தடவை மாத்தினா இன்னொரு தடவை கேப்பாளேன்னு தோணுச்சு.

– அதனால அடுத்த வியாழக்கிழமை வந்தீங்க.

– வந்தேன். கேட்டே. பேரு, ஊரு, வீட்ல யாரு யாரு, மக எப்படி இருக்கா, எதுக்குக் காசு. அப்புறம் முட்டி வலி குறைஞ்சுதான்னு. முட்டி வலி சட்டத்துல இருக்காது, அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்ல. அது நீ உன் நல்ல குணத்துல சேத்துக்கிட்டது. மத்ததெல்லாம் சட்டம். ரொம்ப நல்ல சட்டம் தங்கச்சி. எவன் எழுதினானோ, நல்லா இருக்கணும்.

– நீங்க அப்படியா நினைச்சீங்க?

– வேற எப்படி நினைக்கிறது. கேளு, என் பேரை முழுசாச் சொல்றது இந்தக் கண்ணாடி மட்டும்தான். வேலையில எல்லாருக்கும் நான் 'லிஃப்ட்டு'. ஏ லிஃப்ட்டு, எட்டாவது மாடி. ஏ லிஃப்ட்டு, கதவு மாட்டிக்கிச்சு. நாள் பூரா என்கிட்ட மரியாதையாப் பேசுறது லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற அந்தப் பொம்பளைக் குரல்தான். 'கதவு மூடுகிறது'ங்கும். நானும் 'சரிம்மா, மூடிக்கோ'ம்பேன்.

– மக பேசுறதில்லையா?

– முன்னாடி ஒண்ணாம் தேதி ஆனா போன் வரும். 'அப்பா, பணம் வந்துடுச்சு'ன்னு சொல்லிட்டு நாலு வார்த்தை பேசுவா. அப்புறம் எழுத்துல வந்துச்சு. இப்ப வெறும் கட்டைவிரல் படம் வருது. நானும் ஒரு கட்டைவிரல் அனுப்புறேன். அப்பனும் மகளும் மாசத்துக்கு ஒரு கட்டைவிரல்.

– இங்கயும் அப்படித்தான் அண்ணே. கையை மட்டும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். காலையில ஒம்பது மணில இருந்து கை உள்ள வருது, கை வெளிய போகுது. இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

– உனக்காவது நாற்காலி இருக்கு, ஏசி இருக்கு. குழிக்குள்ள வந்து பாரு, கிரீஸ் நாத்தம் குடலைப் பிடுங்கும். என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், காசு. அப்பவே மனசுல ஒரு கணக்கு போட்டேன். இந்த இருநூறுதான். இதுக்கு மேல ஒரு பைசா போடறதில்ல. இது தேஞ்சு தீர்ற வரைக்கும் வரலாம். வாரத்துக்கு எவ்வளவு போகுது? ஒரு வாரத்துல ஏழு, எட்டு. இப்பல்லாம் ரெண்டு, மூணு. டீக்கடையில உக்காந்தாலே ஆகுற செலவு. அங்க டீதான் குடுப்பான், எப்படி இருக்கேன்னு கேப்பானா?

– காசு குடுத்துப் பேச வந்தீங்களா அண்ணே?

– பாத்தியா, சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல. தப்பா எடுத்துக்காதே. நீ எனக்குத் தங்கச்சி மாதிரி. சும்மா வந்து நின்னா, வேலை நேரத்துல என்னய்யா பேச்சுன்னு உன்னைத் திட்டுவாங்க. ஜன்னல்ல வந்து நிக்கிறவனுக்குக் கையில ஒரு காரணம் வேணும்ல? அதான் அந்த எழுபத்திமூணு. உண்மை அதுதான். 'மற்றவை'ல போடு. பேச ஆளில்லன்னு போடு.

– அதை அவங்க நம்ப மாட்டாங்க.

– ஏன் நம்ப மாட்டாங்க?

– பேச ஆள் இருக்கிறவங்கதான் அந்த ஆபீஸ்ல உக்காந்து படிக்கப் போறாங்க.

– அதுவும் சரிதான்.

– ஒரு நிமிஷம் இருங்க. நான் எழுதிடறேன்.

– எழுது எழுது. மூணே வார்த்தைதானே, என்ன இவ்வளவு நேரம் தட்டுறே? என் வாழ்க்கை வரலாறா? இதோ பாரு தங்கச்சி, ஒரு வேலை பண்ணலாம். இனிமே வரமாட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். வியாழக்கிழமை லிஃப்ட்டைப் பாத்துட்டுப் பின் வாசல் வழியாப் போயிடறேன். சனிக்கிழமை பஸ் காசும் மிச்சம். வராதவனை என்ன பண்ணுவாங்க? ரெண்டு நாள் பாத்துட்டு விட்டுடுவாங்க. உனக்கும் தொல்லை இல்ல.

– அனுப்பிட்டேன்.

– அனுப்பிட்டியா? என்னன்னு?

– 'வாடிக்கையாளர் மேல எந்தத் தப்பும் இல்ல. இந்தப் பதிவுகள் வந்ததே ஊழியரோட தவறால. நடவடிக்கைன்னா ஊழியர் மேலதான் எடுக்கணும்'னு.

– உனக்கென்ன பைத்தியமா? ஊழியர்னா நீதானே?

– நான்தான். பேரும் போட்டு, கையெழுத்தும் போட்டாச்சு. உங்க பணம் நிக்காது, கம்பெனிக்குக் கடிதம் போகாது. அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்.

– உன்னை என்ன பண்ணுவாங்க?

– வேற கிளைக்கு மாத்தலாம். இல்ல, வீட்டுக்கே அனுப்பலாம். தெரியல. நாளைக்குத் தெரியும்.

– இப்படியா ஒருத்தி பொய்ய எழுதித் தலையில மண்ணள்ளிப் போட்டுக்குவா? முதல்ல அதைத் திருப்பி வாங்கு. போன் பண்ணு, நான் பேசுறேன். எனக்காக நீ எதுக்குப் பொய் சொல்லணும்?

– பொய் இல்ல அண்ணே. அந்த நீலச் சட்டைக்காரர் பழைய ஆளுன்னு சொன்னேனே, அதுதான் பொய். அவரை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறேன்.

– அப்ப ஏன் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல?

– அவர் மாத்தினது நானூறு ரியால். ஆயிரத்துக்குக் கீழ இருந்தா யாரையும் எதுவும் கேக்க வேண்டாம். பேருகூட வேண்டாம். வாங்கணும், எண்ணணும், குடுக்கணும். சட்டம் அவ்வளவுதான்.

– ஆயிரத்துக்குக் கீழயா?

– ஆமாம்.

– என்னோடது இருநூறுதானே?

– இருநூறுதான். அப்புறம் நூத்தித் தொண்ணூத்திமூணு. அப்புறம் நூத்தி எண்பத்தாறு. நான் கேக்காம இருந்திருந்தா இந்தக் கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கவே தெரியாது. கேட்டதுக்கு ஒரு சாக்கு வேணுமேன்னு ஒவ்வொரு தடவையும் தட்டி வெச்சேன். அதைத்தான் அவங்க எடுத்துப் பாத்திருக்காங்க. உங்களை மாட்டி விட்டது நான்தான் அண்ணே.

– இரு இரு. எனக்குப் புரியல. சட்டம் கேக்கச் சொல்லல.

– சொல்லல.

– மேனேஜர் கேக்கச் சொல்லல.

– யாரும் சொல்லல.

– அப்ப பேரு, ஊரு, வீட்ல யாருன்னு அம்பத்தாறு தடவை எதுக்குத் தங்கச்சி கேட்டே?

– நான் கேட்டா, ஒரு தடவையாவது நீங்களும் திருப்பிக் கேப்பீங்கன்னு நினைச்சேன் அண்ணே.